வில்லியம் ஹென்றி லூயிஸ்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் 1868-ஆம் ஆண்டு வில்லியம் ஹென்றி லூயிஸ் பிறந்தார். கறுப்பினத்தவரான அவருடைய பெற்றோர் அடிமைத் தளையினின்று விடுபட்டவர்கள்.

லூயிஸ் ஆமெர்ஸ்ட் கல்லூரியில் கால்பந்துக் குழுவின் தலைவராக விளங்கினார். அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டமாகும். எதிரணியினர் ஓடுபவரை மோதி வீழ்த்துவர். ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னோக்கித் தந்து ஆட்டத்தைத் தொடங்குபவர் நடு ஆட்டக்காரர். அவ்விடத்தில் நின்று ஆடியவர் லூயிஸ்.

ஹார்வர்டில் சட்டம் பயிலும்பொழுது, 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கறுப்பினத்தவருள் இப்பெருமையை முதன்முதல் எய்தியவர் அவரே. பின்னர் ஹார்வர்டு குழுவினரைப் பல்லாண்டுகள் பயிற்றுவித்தார். ஆட்டத்தின் நுட்பங்களை விளக்கி 1896-இல் ஒரு நூலும் இயற்றினார்.

சட்டத்துறையிலும் அவர் புகழ் ஓங்கிற்று. 1911-இல் நாட்டின் துணைத் தலைமை வழக்கறிஞருள் ஒருவரானார். எனினும், அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழு, நிறத்தைக் காரணமாகக் கொண்டு 1912-இல் அவரை விலக்க முற்பட்டது. தாமே விலகிக்கொள்ளுமாறு வற்புறுத்தியோர்க்கு லூயிஸ் இணங்கவில்லை; உறுப்பினராகவே நிலைத்து நின்றார். ஆடுகளத்தில் அவரைத் தாங்கிய உறுதி அவைக்களத்திலும் தளரவில்லை. அவர் 1949-இல் மறைந்தார்.