யுத்தத்திற்குக் காரணம் யார்?

சென்ற வாரம் ஒரு வழக்கின் பொருட்டுத் தருமபுரிக்குச் சென்று திரும்புகையில், மொரப்பூர் ரயில் நிலையத்தில் வண்டியை எதிர்பார்த்து இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அங்கே கூடியிருந்த அன்பர்கள் சிலர் பாரமகால் சீமையின் பழைய சரித்திரத்தைக் குறித்துக் காரசாரமாக வாதித்துக்கொண்டிருந்தனர். 1790 முதல் 1792 வரை நடந்த மைசூர் யுத்தத்திற்குக் காரணம் யார் என்பதே விவாதம். திப்பு சுல்தானின் பேராசையே காரணம் என்றார் ஓர் உபாத்தியாயர். கும்பினியாரின் சூழ்ச்சியே காரணம் என்று சாதித்தார் ஓர் இளைஞர். இருவர் பேச்சையும் பொறுமையுடன் கேட்டுக்கொண்டிருந்த முதிய குடியானவர் ஒருவர், “ஏங்க, மலையாளத்துக் கோட்டைக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். விடை கிடைக்குமுன் வண்டி வந்துவிட்டது. அப்பெரியவரின் கேள்வி மட்டும் நம்மோடு கூடவே வந்தது. அதற்கு இன்று விடை கூற முயல்வோம்.

முதலில் நடந்தது இன்னதென்று தெளிவோம். திருவாங்கூர் ராஜ்யத்தின் வடவெல்லையைக் காக்க, கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரையில் சுமார் 30 மைல் நீளத்திற்கு ஒரு மதிலும் அகழியும் இருந்தன. இதற்கு நெடுங்கோட்டை என்று பெயர். குளச்சல் யுத்தத்தில் 1741-இல் சிறைப்பட்டுப் பின் திருவாங்கூரின் தளபதியாக உயர்ந்த டிலனாய் என்பவரின் மேற்பார்வையில் இது கட்டப்பட்டது. மதிலின் கடலோரப் பக்கத்தில் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்னும் இரு கோட்டைகள் ஒல்லாந்தர் வசமிருந்தன. 1789-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் திருவாங்கூர் மகாராஜா ராமவர்மர் இவ்விரண்டையும் 3 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். அவ்வருஷம் டிசம்பர் 29-ந் தேதி திப்புவின் சேனை நெடுங்கோட்டையைத் தாக்கிப் பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. 1790 ஏப்ரலில் மீண்டும் தாக்கி மதிலைத் தகர்த்து உட்புகுந்தது. திருவாங்கூர் தங்கள் நேசநாடு என்று கூறிக் கும்பினியார் படையெடுத்தனர். நிஜாமும் மகாராஷ்டிரரும் அவர்களோடு சேர்ந்தனர். யுத்தம் மூண்டது.

இனி, நியாயஸ்தலத்தில் செய்வதுபோல ஒவ்வொரு கட்சிக்காரர் சொல்வதையும் கேட்போம்.

திப்புவின் வாதம் இது: கொச்சி ராஜா எமக்குக் கப்பம் கட்டுபவர். கோட்டைகள் இருக்கும் நிலம் கொச்சிக்குரியது. ஆகவே எமது சம்மதமின்றி அவற்றை விற்க ஒல்லாந்தருக்கும் வாங்கத் திருவாங்கூருக்கும் உரிமை இல்லை. மதிலின் ஒரு பகுதியும் கொச்சி நிலத்தின்மேலேயே செல்கிறது. எமது ஆட்சியை எதிர்த்து மலையாளத்திலிருந்து ஓடிப்போன சிற்றரசர்களுக்குத் திருவாங்கூர் அடைக்கலம் தருகிறது. டிசம்பர் மாதத்துச் சண்டையோ, தப்பியோடியவர்களைத் தேடிச் சென்ற எமது வீரர்கள்மீது மதிலிலிருந்து முதலில் சுட்டதால் நேர்ந்தது.

திருவாங்கூரின் மறுமொழி: கொடுங்கல்லூரை ஒல்லாந்தர் 1662-இல் போர்த்துக்கேசியரிடமிருந்து யுத்தத்தில் கைப்பற்றினர். அது கொச்சியார் கொடுத்ததன்று. கொச்சி மைசூருக்குக் கப்பம் கட்டத் தொடங்கியதற்கு முன்பே எமது மதில் எழுந்துவிட்டது. கொச்சி ராஜாவின் இசைவு பெற்றே அது கட்டப்பட்டது. அடைக்கலம் புகுந்தவரைக் காட்டிக்கொடுப்பது ராஜதருமம் ஆகாது.

கும்பினியாரின் வாதம் சுருக்கமானது. 1784-இல் மங்களூரில் திப்புவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே திருவாங்கூர் ராஜா எமது நேசர் என்று எழுதப்பட்டிருக்கிறது. நேசரைத் தாக்கியவர் எம்மைத் தாக்கியவரே.

நேயர்கள் கவனிக்க வேண்டும். இவற்றுள் முழுப் பொய்யென்று தள்ளத்தக்க வாதம் ஒன்றுமில்லை. முழுமையான வாதமும் ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் தமக்கு அநுகூலமான சாட்சியத்தை எடுத்துக்காட்டி, பிரதிகூலமானதை மறைத்தனர்.

திருவாங்கூர் மறைத்தது யாது? சென்னை கவர்னராயிருந்த ஹாலண்டு இக்கிரயத்தை ஆமோதிக்கவில்லை. கோட்டைகளை ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்துவிடும்படி அவர் மகாராஜாவுக்கு எழுதினார். பலம் பொருந்திய அண்டை அரசன் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளும் இடத்தை வாங்குவது வெறும் கிரயமாகாது என்பதை அவரும் அறிந்திருந்தார். வழக்கிலுள்ள நிலத்தை வாங்குபவன் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறான் என்பது வக்கீல்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம்.

திப்பு மறைத்தது யாது? உரிமை தம்முடையதே என்று வைத்துக்கொண்டாலும், அதை நிலைநாட்ட அவர் கைக்கொண்ட வழி பெருஞ்சேனையும் பீரங்கியுமே. முதற் சண்டை தற்செயலாக நேர்ந்தது என்ற சமாதானத்தை ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். நான்கு மாதங்களுக்குப் பிறகு பீரங்கிகளை வரவழைத்து மதிலை இடித்ததைத் தற்செயல் என்று எவரும் சொல்லார்.

கும்பினியார் மறைத்ததோ இவை இரண்டினும் ஆழமானது. இந்தியாவில் ராஜ்யத்தை விஸ்தரிப்பதற்கான முயற்சிகள் ஆங்கில ஜாதியாரின் விருப்பத்திற்கும் மதிப்பிற்கும் மாறானவை என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1784-இல் சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும் 1789 ஜூலையில், அதாவது நெடுங்கோட்டைச் சண்டைக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபு நிஜாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். கும்பினிப் படையை நிஜாம் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் கும்பினியாரின் நேசர்களுக்கு விரோதமாகப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். நேசர்கள் இன்னின்னார் என்று கடிதத்தில் ஒரு ஜாபிதா இருந்தது. அதில் திப்புவின் பெயர் இல்லை. அக்கடிதம் யுத்தத்தை வரவழைக்கவே உதவியது, வெளிப்படையாக ஓர் உடன்படிக்கை செய்திருந்தால் அதைவிட மேலாயிருக்கும் என்று பின்னாளில் குறைகூறியவர் ஸர் ஜான் மால்கம். அவர் கும்பினியின் விரோதியல்லர், கும்பினியின் உத்தியோகஸ்தரே. 1790-இல் திப்பு தூதரை அனுப்பிப் பேச விரும்புவதாக எழுதியபோது, புதிதாக வந்த கவர்னர் மெடோஸ் அதை ஏற்கவில்லை. நேசரைத் தாக்கிய கணமே யுத்தம் பிரகடனமாகிவிட்டது என்று பதில் விடுத்தார்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், யுத்தத்திற்குக் காரணம் யார் என்னும் கேள்வி உண்மையில் ஒரு கேள்வியன்று, மூன்று கேள்விகள் என்பது புலனாகும். சச்சரவை உண்டாக்கியவர் யார்? முதலில் ஆயுதத்தை எடுத்தவர் யார்? சமாதானத்திற்கு வழி இருந்தபோது அதை அடைத்தவர் யார்? முதற் கேள்விக்குத் திருவாங்கூரும் திப்புவும் ஒல்லாந்தரும் பொறுப்பாளிகள். இரண்டாவதற்குத் திப்புவே பொறுப்பாளி. மூன்றாவதற்குக் கும்பினியாரே முதன்மையான பொறுப்பாளிகள். மொரப்பூர் அன்பர் இருவரும் வேறுவேறு கேள்விகளுக்கு விடை கூறிக்கொண்டு, ஒரே கேள்விக்கு விடை கூறுவதாக எண்ணிச் சண்டையிட்டனர் என்பது நமது அபிப்பிராயம். ஊர்ச் சண்டைகளிலும் உலகச் சண்டைகளிலும் இம்மயக்கமே பெரும்பாலும் நேர்கிறது.

“கும்பினியார் எப்படியும் ஏதேனும் ஒரு சாக்கைக் கண்டுபிடித்திருப்பார்களே, அப்படியிருக்க நம் அரசர்கள்மீது குற்றம் சுமத்துவானேன்?” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 1769-இல் சென்னையில் ஹைதர் அலியோடு பரஸ்பர உதவிக்கு உடன்படிக்கை செய்துவிட்டு, பின்னர் மகாராஷ்டிரர் மைசூரைத் தாக்கியபோது கைவிட்டவர்கள் அவர்கள். ஆகவே இந்த ஆட்சேபத்தில் வலு உண்டு. ஆனால் திருடன் வருவான் என்று தெரிந்த பின்னும் அண்ணனும் தம்பியும் வேலித் தகராறில் ஒருவர் கதவை ஒருவர் உடைத்துக்கொண்டால், குற்றம் முழுவதும் திருடனுடையது என்று சொல்லித் தப்ப முடியுமா? அந்நியன்மீது பழி முழுவதையும் ஏற்றிவிடுவது தேசபக்தி போலத் தோன்றும். அது நம் தவறுகளை நாமே அறியவொட்டாமல் மறைக்கும் திரையுமாகும்.

பலனைப் பாருங்கள். 1792 மார்ச்சு 18-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டு, தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். 1799-இல் உயிரையும் கோட்டையையும் இழந்தார். வென்ற கட்சியிலிருந்த திருவாங்கூரின் கதி என்ன? 1795-இலும் 1805-இலும் செய்த உடன்படிக்கைகளால் கும்பினிப் படைக்குப் பணம் கட்டும் ஸமஸ்தானமாயிற்று. 1805-இல் அத்தொகை வருஷத்திற்கு 8 லட்சம் ரூபாய் என்று ஏற்பட்டது. அந்நுகத்தை எதிர்த்த திவான் வேலுத்தம்பி 1809-இல் உயிர் துறந்தார். நிஜாம் 1798-இல் கும்பினிக்கு அடங்கினார். மகாராஷ்டிரப் பேஷ்வாவின் ஆட்சி 1818-இல் முடிந்தது. வழக்காடிய அண்டை வீட்டார் இருவரும் தோற்றனர். சாட்சி சொல்ல வந்தவர்களும் தோற்றனர். வீடு மூன்றாமவர் கைக்குப் போயிற்று.

இப்போது முதியவரின் கேள்விக்கு வருவோம். மலையாளத்துக் கோட்டைக்கும் மொரப்பூருக்கும் என்ன சம்பந்தம்? சென்னப்பட்டணத்திலிருந்து மைசூருக்கு ஏறும் கணவாய்களின் அடிவாரம் பாரமகால். மைசூருக்கும் கும்பினிக்கும் எங்கே, எதன்பொருட்டுச் சண்டை மூண்டாலும் சேனைகள் நடந்து செல்லும் பாதை இதுவே. 1767-இலும் 1780-இலும் தொடங்கிய யுத்தங்களிலும் இப்படியே நடந்தது. 1790 நவம்பரில் மெடோஸின் சேனையிடமிருந்து தப்பித் தொப்பூர்க் கணவாய் வழியாகத் திப்பு தெற்கே இறங்கினார். 1791-இல் ராயக்கோட்டை கும்பினியார் வசமாயிற்று. அதே வருஷம் கிருஷ்ணகிரியைத் தாக்கிய கும்பினிப் படை பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டையைப் பிடிக்கமாட்டாமல் திரும்பியது. போகிற சேனைக்கும் வருகிற சேனைக்கும் தவசமும் தீனியும் மாடும் கொடுக்க வேண்டியவன் வழியிலிருந்த குடியானவன். கொடுங்கல்லூர் எத்திசையிலுள்ளது என்று அவன் அறியான். 1792-இல் நாடு கைமாறியபோதும் எவரும் அவனைக் கேட்கவில்லை. அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் வந்து அவனுடைய நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். பின்னர் சென்னை ராஜதானி எங்கும் பரவிய ரயத்துவாரி முறைக்கு வித்து இச்சீமையில்தான் இடப்பட்டது. அந்தத் தீர்வைச் சீட்டின் மூலப்பத்திரம் நெடுங்கோட்டை அகழியில் கிடக்கிறது. பெரியவரே, இதுதான் சம்பந்தம்!

நிற்க. காரணத்தை ஆராய்வதால் வரும் பயன் யாது? பழி சுமத்துவதற்காக மட்டும் ஆராய்ந்தால் பயனில்லை, கேடும் விளையும். 1919-இல் வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையின் 231-ஆவது ஷரத்து, முதல் உலக யுத்த நஷ்டங்களுக்கு ஜெர்மனியும் அதன் துணைநாடுகளுமே பொறுப்பு என்று விதித்தது. வென்றவர் எழுதிய அத்தீர்ப்பு தோற்றவர் நெஞ்சில் புண்ணாகி, அப்புண்ணைக் கிளறியவர்கள் கையில் ஜெர்மனி சிக்கிற்று.

அடுத்த சச்சரவை ஆயுதமின்றித் தீர்க்கும் பொருட்டு ஆராய்ந்தாலோ பயனுண்டு. இதற்கு நம் தேசத்திலேயே சாட்சியமிருக்கிறது. 1965 ஏப்ரலில் கட்சு உப்புச் சதுப்பு நிலத்தின் எல்லையைக் குறித்து இந்தியாவும் பாகிஸ்தானும் பொருதின. ஜூன் 30-ந் தேதி, வழக்கை மூவரடங்கிய நடுவர் மன்றத்திற்கு விட இரு நாடுகளும் இசைந்தன. நடுவர் மூவரும் இரு நாட்டாருமல்லர். அவ்வருஷமே காஷ்மீரம் காரணமாகப் பெரும் யுத்தம் மூண்டும், நடுவர் விசாரணை நின்றுவிடவில்லை. 1968 பிப்ரவரி 19-ந் தேதி தீர்ப்பு வந்தது. வழக்கிலிருந்த நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குச் சென்றது. நம் பார்லிமெண்டில் கண்டனம் எழுந்தும், கொடுத்த வாக்கைக் காத்து இந்தியா தீர்ப்பை ஏற்றது. ஒரு நடுவர் மன்றம் எல்லா யுத்தத்தையும் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சதுப்பு நிலத்திற்காக மறுபடி ஒரு படையெடுப்பு நேரவில்லை. கொடுங்கல்லூர் கிரயமும் இத்தகைய வழக்குத்தான். பத்திரங்களைப் பரிசீலித்து, நிலத்தை நேரில் பார்த்துச் சில மாதங்களில் முடிக்கத்தக்க வழக்கு. அதை முடிக்க மனம் வராததால் தென்னாடே கைமாறிற்று.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய ரயில் பாதை போடப்பட்டது. பஞ்சத்திற்கு அஞ்சும் சீமைக்கு ஆதரவாக எழுந்த அப்பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல், ஐரோப்பாவில் மூண்ட யுத்தத்தின் பொருட்டு அது மூடப்பட்டது. அந்த யுத்தத்திற்கும் மொரப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றும் ஒரு பெரியவர் கேட்டிருப்பார். எங்கோ மூளும் போருக்கும் நம் வாசலுக்கும் சம்பந்தம் உண்டு. ஆதலால் அண்டை நாட்டோடு சச்சரவு எழும்போது முரசறையச் சொல்பவர்களிடம், “நடுவரிடம் போனீர்களா?” என்று முதலில் கேட்கும் உரிமை குடியானவனுக்கு உண்டு. அவன் அதைக் கேட்கட்டும். பதில் கிடைக்குமளவும் கேட்கட்டும்.