நடுக்களத்து நாயகர்கள் – 7: சிவப்பு அட்டைக்குக் கைதட்டல்

2012 ஆகஸ்ட் 4. லண்டன் ஒலிம்பிக் கால்பந்துக் காலிறுதி, நியூகாசில் நகரின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில். ஆட்டம் முடியும் தறுவாயில் ஹோண்டுராஸின் ரோஜர் எஸ்பினோசாவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, கையோடு சிவப்பு. அவர் வெளியே நடக்க, மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பிரேசிலின் நெய்மாரைப் பார்த்துக் கூச்சல் போட்ட அதே இங்கிலாந்துக் கூட்டம்தான்!

காரணம் இல்லாமல் இல்லை. 33-வது நிமிடத்திலேயே வில்மர் கிரிசாந்தோ சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். மிச்சம் பத்துப் பேர். ஸ்கோர் 1–1. இடைவேளை முடிந்து வந்த வேகத்தில் எஸ்பினோசா ஒரு கோல் அடித்தார். பத்துப் பேரை வைத்துக்கொண்டு பிரேசிலை முந்துவது லேசுப்பட்ட காரியமா? பிறகு நெய்மாரின் பெனால்டி, டமியாவோவின் கோல். 3–2 எனப் பிரேசில் தப்பித்தது. இதே ஹோண்டுராஸ்தான் லீக் சுற்றில் ஸ்பெயினை 1–0 என வென்றது. அந்த ஸ்பெயின் அணியில் அப்போதுதான் யூரோ கோப்பையை வென்றுவிட்டு வந்திருந்த யோர்டி ஆல்பாவும் ஹுவான் மாட்டாவும் இருந்தார்கள்.

'ட்விட்டர் ஒலிம்பிக்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிய ஒலிம்பிக் அது. ஆனால் இணையப் புகழ் என்பது அரை நிமிட வீடியோவில் அடங்கும் வித்தைகளுக்கே கிடைக்கிறது. நடுக்கள ஆட்டக்காரர் பந்தி பரிமாறுகிறவர் மாதிரி. கல்யாண ஆல்பத்தில் அவர் முகம் இருக்காது. எதிராளி பாஸ் கொடுக்க நினைக்கும் வழியில் முன்கூட்டியே போய் நிற்பது, முன்னேறிவிட்ட தடுப்பாட்டக்காரரின் காலி இடத்துக்கு ஓடுவது, பந்து வராமலே திரும்பி ஓடுவது: இதையெல்லாம் யார் வெட்டி ஒட்டிப் பகிரப்போகிறார்கள்? எஸ்பினோசாவுக்கு ஒரு கோலும் ஒரு அட்டையும் அமைந்தன, உலகம் பெயரைத் தெரிந்துகொண்டது. அந்த ஓட்டத்தை முழுசாகப் பார்த்தவர்கள் நியூகாசிலில் எழுந்து நின்றவர்கள்தான் என்பேன்.

அவர் கரீபியன் கடலோரத் துறைமுக ஊரான புவெர்ட்டோ கோர்ட்டெஸில் பிறந்தவர். 12 வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் டென்வருக்கு வந்தார். 2008-ல் கான்சஸ் சிட்டி கிளப் அவரை எடுத்தது. ஆக, அவருக்கு இரண்டு நாட்டிலும் விசிறிகள்.

2013 ஜனவரியில் இங்கிலாந்தின் விகன் கிளப்புக்குப் போனார். ஒலிம்பிக்கில் உடன் ஆடிய மைனோர் ஃபிகெரோவா அங்கே ஏற்கெனவே இருந்தார். அந்த மே 11-ல், வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியை 1–0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பை! சரியாக மூன்றே நாளில் ஆர்சனலிடம் தோற்று, பிரீமியர் லீக்கிலிருந்தே விகன் வெளியேறியது. 2015-ல் எஸ்பினோசா கான்சஸ் சிட்டிக்கே திரும்பினார்.

அடுத்த வாரம் வில்சன் பலாசியோஸ். 2010 உலகக் கோப்பைக்கு ஹோண்டுராஸ் அணியில் சகோதரர்கள் மூவராகப் போன குடும்பம் அது.

(தொடரும்)