முற்றுப்புள்ளியைத் தட்டினால் ராக்கெட் சுழல்வது நிற்கும், தெரியுமா?

1966 மார்ச் 16. ஜெமினி 8 விண்கலம் கட்டுப்பாடு இழந்து நொடிக்கு ஒரு சுற்று என்று சுழன்றது. பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்த வைத்திருந்த சிறு ராக்கெட்டுகளை எரித்துத்தான் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் உயிர் தப்பினார்கள். இதே கூத்து 'கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம்' கம்ப்யூட்டர் விளையாட்டில் நடந்தால்? கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் போதும். காலம் 5 மடங்கு வேகமெடுக்கும், சுழற்சி பட்டென்று நின்றுவிடும்! எரிபொருள் சொட்டுக்கூடச் செலவில்லை!

என்ன மாயம்? காலத்தை முடுக்கியதும் கம்ப்யூட்டர் விசை, முறுக்கம், உராய்வு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறது. அதன்பின் உங்கள் பிரம்மாண்டக் கலம் வெறும் புள்ளி. கெப்ளர் 1609-இல் சொன்ன நீள்வட்டத்தில் அது எங்கே இருக்கும் என்ற ஒரே கணக்குதான் ஓடும்.

இதனால் நடக்கும் கோளாறுகள் இருக்கின்றனவே! கெர்பின் கோளின் காற்று மண்டலம் 70 கி.மீ. உயரம்வரை. 30 கி.மீ.வரை முங்கி எழும் ஒரு கலத்தை விட்டுவிட்டு நீங்கள் வேறு கலத்தை ஓட்டப் போனால், அது காற்றே படாமல் வருஷக்கணக்கில் சுற்றும். இன்னும் தாழ இறங்கினாலோ, விளையாட்டே அதை அழித்துவிடும். விசாரணை கிடையாது.

காலத்தை முடுக்கும் உச்ச வேகம் லட்சம் மடங்கு. கெர்பினின் ஒரு முழு வருஷம் சுமார் 92 நொடியில் முடிந்துவிடும்! நொடிக்கு 50 தடவை கணக்குப் போட்டாலும், இரண்டு கணக்குகளுக்கு நடுவே 2,000 நொடி ஓடிப்போகும். நொடிக்கு 3 கி.மீ. போகும் கலம் அதற்குள் 6,000 கி.மீ. தாண்டியிருக்கும். கெர்பினின் விட்டமோ 1,200 கி.மீ.தான்! கோளுக்குள் புகுந்து, கீறல் இல்லாமல் மறுபக்கம் வந்த கலங்களைப் பார்த்து ஆட்டக்காரர்கள் வாய்பிளந்ததில் ஆச்சரியம் என்ன?

சரி, இயற்பியலை விடாமலே முடுக்கினால்? அதற்கும் வழி உண்டு, 4 மடங்குவரை. ஆனால் கணக்குகளின் இடைவெளி நீள நீள, இணைப்புகளின் அதிர்வை உடனுக்குடன் அடக்க முடியாது. ஒல்லியான நீள ராக்கெட் முதலில் லேசாக நெளியும், பிறகு பாம்பாட்டம், பிறகு படார்!

காரணம் புரியாமல் கலங்கள் சிதறினால் ஆட்டக்காரர்கள் பழிபோடுவது 'கிராக்கன்' என்ற விண்வெளிப் பூதத்தின்மேல். குறும்புக்காரத் தயாரிப்பாளர்கள் ஜூல் கோளைச் சுற்றும் பாப் என்ற துணைக்கோளில் செத்த கிராக்கன் ஒன்றையே கிடத்திவைத்திருக்கிறார்கள்! பார்க்கப் போகிறவர்கள் ஜூலின் ஈர்ப்பு எல்லை வரும்முன் காலத்தின் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். முடுக்கிக்கொண்டே எல்லை தாண்டினால், அரும்பாடுபட்டுக் குறிவைத்த பாதை வேறெங்கோ திரும்பியிருக்கும்.