ஹிலாரியின் இன்பாக்ஸுக்குள் ஒரு ரவுண்டு!

2009 ஜூன் 8, காலை நேரம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் தன் உதவியாளர்களுக்கு ஒரு மெயில் தட்டுகிறார். இன்று அமைச்சரவைக் கூட்டம் என்று ரேடியோவில் சொன்னார்களே, உண்மையா? நான் போகலாமா? இல்லையென்றால் யாரை அனுப்புகிறோம்?

ரேடியோவில் கேட்டாராம்! உலகத்தின் பலம் பொருந்திய நாற்காலிகளில் ஒன்றில் அன்று உட்கார்ந்திருந்த ஹிலாரி கிளின்டனுக்கே கேபினட் கூட்டம் பற்றிய சேதி ரேடியோ வழியாகத்தான் வந்திருக்கிறது. இந்த மெயிலை முதன்முதலில் படித்தபோது நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். இது யாரோ ஒரு முன்னாள் உதவியாளர் எழுதிய நினைவுக் குறிப்பு இல்லை. டீக்கடைக் கிசுகிசுவும் இல்லை. அமெரிக்க அரசே முத்திரை குத்தி, வழக்கு எண் போட்டு, உலகத்துக்கே விரித்து வைத்த ஆவணம். இப்படி 30,000-க்கும் மேற்பட்ட மெயில்கள், 52,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள்! 2015 மே மாதம் தொடங்கி 2016 பிப்ரவரி 29 வரை தவணை தவணையாக வெளியே வந்தன. வாருங்கள், உள்ளே போகலாம்.

பன்னிரண்டு பெட்டிகள்

2009 ஜனவரி முதல் 2013 பிப்ரவரி வரை வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி, அரசு தரும் மெயில் கணக்கைப் பயன்படுத்தவே இல்லை. நியூயார்க் மாநிலம் சப்பாக்குவாவில் உள்ள தன் வீட்டு சர்வரில் ஓடிய தனிக் கணக்கிலிருந்துதான் அத்தனை அலுவல் கடிதங்களும் போயின. நாட்டின் வெளியுறவுக் கொள்கையும் வீட்டுக் கல்யாணப் பேச்சும் ஒரே பெட்டிக்குள் கிடந்தன.

இது தெரியவந்த வழியில் ஒரு சுவாரசியமான திருப்பம் உண்டு. ராணுவ விமானத்தில் கறுப்புக் கண்ணாடியோடு பிளாக்பெர்ரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஹிலாரியின் புகைப்படம் நினைவிருக்கிறதா? 2012-ல் இணையமெங்கும் மீம்களாகப் பறந்ததே, அதே படம்தான். அதைப் பார்த்த வெளியுறவுத் துறை ஆவணப் பிரிவு அதிகாரி ஒருவர், அமைச்சருக்கு அரசுக் கணக்கு இருக்கிறதா என்று உள்ளே விசாரித்தார். இல்லை என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு கண்காணிப்பு அமைப்பு, அமைச்சரின் மெயில் கணக்குகள் பற்றி, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் முறைப்படி மனுப் போட்டது. அப்படி எந்த ஆவணமும் இல்லை என்று 2013 மே மாதம் கடிதம் போனது. பல்லாயிரம் மெயில்கள் இருந்தும் "இல்லை"! ஆவணம் அரசின் அலமாரியில் இல்லாவிட்டால் சட்டம் என்ன செய்ய முடியும்?

பிறகு துறை கேட்டதும், 2014 டிசம்பரில் ஹிலாரி தரப்பு அலுவல் மெயில்களை ஒப்படைத்தது. எப்படி என்கிறீர்கள்? பென் டிரைவில் இல்லை. காகிதத்தில் அச்செடுத்து, 12 பெட்டிகளில் அடுக்கி! சுமார் 55,000 பக்கம். அதைத் துறை ஊழியர்கள் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து மறுபடியும் கணினிக்குள் ஏற்றினார்கள்.

2015 மார்ச் மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' தனிக் கணக்கு விவகாரத்தை உடைத்தது. அதற்கு முன்பே, ஜனவரியில், 'வைஸ் நியூஸ்' செய்தியாளர் ஜேசன் லியோபோல்ட் ஹிலாரியின் ஆவணங்களைக் கேட்டு நீதிமன்றப் படியேறியிருந்தார். எல்லாவற்றையும் 2016 ஜனவரியில் ஒரே மூட்டையாகத் தருகிறோம் என்றது துறை. நீதிபதி ருடால்ஃப் கான்ட்ரெராஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மாதா மாதம் வெளியிட வேண்டும் என்று உத்தரவு போட்டு, கூடவே அட்டவணையும் கொடுத்துவிட்டார்: ஜூனுக்குள் 7 சதவீதம், ஜூலைக்குள் 15, ஆகஸ்டுக்குள் 25, டிசம்பருக்குள் 82, ஜனவரி 29-க்குள் முழுவதும்!

அதன் பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியும் வாஷிங்டன் நிருபர்களுக்குப் பெரிய ஹீரோ படத்தின் முதல் நாள் முதல் காட்சிதான். சில மாதங்களில் ராத்திரி ஒன்பது மணிவாக்கில்கூடத் துறையின் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து விழும். பத்திரிகை அலுவலகங்களில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு விடிய விடியப் படிப்பார்கள். டிசம்பர் தவணை புத்தாண்டுக்கு முந்தைய நாளே வந்தது. ஆனாலும் நீதிபதி சொன்ன 82 சதவீதத்தை எட்டவில்லை. ஜனவரியிலும் கெடு தவறியது. வேறு துறைகளின் பார்வைக்குப் போகவேண்டிய 7,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் அனுப்பப்படாமலே இருந்துவிட்டன என்றும், வாஷிங்டனை மூடிப்போட்ட பனிப்புயலால் வேலை தடைப்பட்டது என்றும் துறை சொன்னது. நீதிபதி விடவில்லை. பிப்ரவரி 29-ம் தேதி கடைசித் தவணையும் வெளியே வந்தது.

வெள்ளைக் கட்டத்தின் மொழி

ஒரு பக்கத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். உச்சியில் வழக்கு எண்: எஃப்-2014-20439. பக்கத்திலேயே ஆவண எண், வெளியிட்ட தேதி. வலது மூலையில் "முழுமையாக வெளியிடப்படுகிறது" அல்லது "பகுதியாக வெளியிடப்படுகிறது" என்ற முத்திரை. அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து, 'எச்'. அவ்வளவுதான் ஹிலாரி!

பிறகு பாதி வாக்கியத்தில் திடீரென்று ஒரு வெள்ளைக் கட்டம். நெஞ்சு படபடக்கிறது. அந்தக் கட்டத்துக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி இருக்கும். அதுதான் திறவுகோல். பி6 என்றால் தனிமனித அந்தரங்கம்: மெயில் முகவரி, போன் நம்பர், உடல்நலச் சங்கதி. பி5 என்றால் முடிவெடுக்கும் முன் அதிகாரிகள் தங்களுக்குள் நடத்திய ஆலோசனை. பி1 என்றால் தேசப் பாதுகாப்பு. அதோடு 1.4(டி) என்று இருந்தால் வெளிநாட்டு உறவு சம்பந்தப்பட்டது என்று பொருள். பி1 போட்ட பக்கத்தில் எந்தப் பொறுப்பில் உள்ளவர் ரகசியமாக்கினார், என்றைக்கு, எந்தத் தேதியில் பூட்டு திறக்கலாம் என்பதும் அச்சாகியிருக்கிறது!

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். மறைப்பதற்கும் அரசு காரணம் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் விதிவிலக்குகள் மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதுக்குள் அடங்காத எதையும் மறைக்க முடியாது. சொன்ன காரணம் சரியில்லை என்று தோன்றினால் கோர்ட்டுக்குப் போகலாம். 1966 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் இதில் கையெழுத்துப் போட்டார். மனசே இல்லாமல், விழா எதுவும் வைக்காமல் போட்ட கையெழுத்து. அந்தக் கையெழுத்துதான் அரை நூற்றாண்டு கழித்து ஹிலாரியின் இன்பாக்ஸைத் திறந்தது!

டீ, கார்ப்பெட், ஸ்மைலி

இப்போது சுவையான பகுதிக்கு வருவோம். 2009 டிசம்பரில் ஒரு ஃபேக்ஸ் கூத்து. ஃபேக்ஸ் வருவதற்காக ஹிலாரி வீட்டில் காத்திருக்கிறார். அந்தப் பக்கம் அவருடைய நெருங்கிய உதவியாளர் ஹூமா அபெடின். லைனைக் கட் பண்ணுங்கள், அவர்கள் மறுபடி அடிப்பார்கள் என்கிறார் ஹூமா. ரிசீவரை எடுத்தே வைத்திருந்தால்தானே வேலை செய்யும் என்கிறார் ஹிலாரி. ஆமாம், ஆனாலும் இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள். வைத்துவிட்டேன். அப்படியானால் எடுத்துவிட்டு வையுங்கள், வைத்தபடியே விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் நடக்கும் அதே போராட்டம், வெளியுறவு அமைச்சர் வீட்டிலும்!

2009 நவம்பரில் ஒபாமாவோடு சீனா போய்வந்த பிறகு இன்னொரு மெயில். அங்கே கூட்டம் நடந்த அறைகளின் கார்ப்பெட் படங்கள் கிடைக்குமா? செதுக்கியது போன்ற அந்த வேலைப்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. போகிற போக்கில், டீக்குக் கொழுப்பு நீக்கிய பால் வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறார். வேறொரு மெயிலில் ஐஸ் டீ கேட்கிறார். 2010 ஜனவரியில், இரண்டு டி.வி. தொடர்கள் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறார். புது ஐபேட் வந்ததும், வைஃபை இருக்கிறதா என்று உதவியாளர் பிலிப் ரைன்ஸ் கேட்க, எனக்குத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று பதில். புது பிளாக்பெர்ரி கைக்கு வந்ததும் முதல் சந்தேகம்: இதில் ஸ்மைலி போட முடியுமா?

இன்னும் எத்தனையோ பக்கங்களில் இரண்டே வார்த்தை: பிளீஸ் பிரிண்ட். நீண்ட அறிக்கை, லிபியா பற்றிய குறிப்பு, செய்தித்தாள் கட்டுரை, எது வந்தாலும் உதவியாளருக்குத் தள்ளிவிட்டு "பிளீஸ் பிரிண்ட்". அமைச்சர் காகிதத்தில் படிக்கும் பழைய காலத்து ஆள்! ஒரு நாளில் எதை முக்கியம் என்று கருதினார், யார் எழுதியதை மதித்தார் என்பதற்கு இந்த இரண்டு வார்த்தைகளைவிட நேரான சாட்சி கிடையாது.

அந்த மீன் எங்கே?

2015 ஆகஸ்ட் 31 இரவு வந்த தவணை சுமார் 7,000 பக்கம். அதில் 2010 மார்ச் மாத மெயில் ஒன்று நிருபர்களைத் திக்குமுக்காட வைத்தது. பொருள் என்ற இடத்தில் "கெஃபில்டே ஃபிஷ்". உள்ளே ஒற்றைக் கேள்வி: இந்த விஷயம் எந்த அளவில் இருக்கிறது?

கெஃபில்டே ஃபிஷ் என்பது மீனை அரைத்து உருட்டி வேகவைக்கும் யூதர்களின் பண்டிகைப் பலகாரம். அமைச்சருக்கு அதன் மேல் என்ன அக்கறை? சங்கேதச் சொல்லா? ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய செய்திகளைக் கிளறினார்கள். கிடைத்தது அருமையான நிஜக்கதை! இல்லினாய் மாநிலத்து மீன் கம்பெனி ஒன்று, பாஸ்கா பண்டிகைக்காகக் கெண்டை மீனைக் கன்டெய்னர் கன்டெய்னராக இஸ்ரேலுக்கு அனுப்பக் காத்திருந்தது. குறுக்கே நின்றது 120 சதவீதச் சுங்க வரி. அந்தத் தொகுதி எம்.பி. டான் மான்சுல்லோ, 2010 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணையில் ஹிலாரியிடமே முறையிட்டார். அந்த முறையீட்டை ஹிலாரி மறக்கவில்லை, மெயில் போட்டுத் துரத்தியிருக்கிறார் என்பதற்கு இந்த ஒற்றை வரி சாட்சி. ஒரு ஊர் மீன் வியாபாரியின் கவலை, எம்.பி. வழியாக அமைச்சர் வரை ஏறி, அங்கிருந்து அதிகாரிகளின் மேசைக்கு இறங்கும் பாதை முழுவதும் தெரிகிறது. அரசாங்கம் உண்மையில் எப்படி நகர்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகம் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும்?

அதே தவணையில் வந்த இன்னொரு கடிதம் சிரிப்பை நிறுத்திவிடும். 2010 ஜனவரி ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே போய் வந்த மகள் செல்சி, அப்பா அம்மாவுக்கு எழுதிய நீண்ட கடிதம் அது. நிவாரண முகாம்களில் பார்த்த குழப்பத்தை, ஐ.நா. அமைப்புகளின் திறமைக் குறைவை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்பா, ஹெய்ட்டிக்கான ஐ.நா. சிறப்புத் தூதர். அம்மா, வெளியுறவு அமைச்சர். குடும்பக் கடிதமா, அரசு ஆவணமா? இரண்டும்தான்! ஹெய்ட்டி நிவாரணத்தைப் பற்றி ஆராய்கிற எவருக்கும் இது பொக்கிஷம்.

மறைந்திருப்பவை

இத்தனையும் படித்த பிறகு, வராத பக்கங்களின் மேல் ஏக்கம் கூடுகிறது. 22 மெயில்கள் அதி ரகசியம் என்று முழுதாக நிறுத்திவைக்கப்பட்டன. 2,000-க்கும் மேற்பட்ட மெயில்களின் பகுதிகள், வெளியிடுவதற்கு முன் நடந்த பரிசீலனையில் ரகசியம் என்று முத்திரை பெற்றன. இவற்றுக்காவது எண் உண்டு, காரணம் உண்டு, மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஹிலாரி தரப்பு சொந்த விஷயம் என்று தானே தரம்பிரித்து ஒதுக்கிய 31,000-க்கும் மேற்பட்ட மெயில்களுக்கு அந்த வழி எதுவும் இல்லை. எஃப்.பி.ஐ. விசாரித்தது. 2016 ஜூலையில் அதன் இயக்குநர் ஜேம்ஸ் கோமி, ரகசியத் தகவல்களைக் கையாண்ட விதம் மிகவும் அலட்சியமானது, ஆனால் வழக்குத் தொடரப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தார்.

சட்டப்படி அது முடிந்த கதை. என் தீர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எது அலுவல், எது சொந்தம் என்று பிரிக்கும் வேலையைப் பதவியில் இருந்தவரின் கையில் விட்டதுதான் பெரிய பிழை. அந்தரங்கத்துக்கு மதிப்பு உண்டு. பி6 என்ற குறியே அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆவண அதிகாரி போட வேண்டும், பக்கத்தில் காரணம் எழுத வேண்டும், நீதிபதி அதைச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். வெள்ளைக் கட்டத்தோடு கிடைக்கும் பக்கத்தை எதிர்த்து வழக்காடலாம். கிடைக்காமலே போன பக்கத்தை எதிர்த்து என்ன செய்வது?

அதனால் ஆவணம் ஏதாவது வெளியானால், எந்த நாட்டுடையதாக இருந்தாலும், தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். மூலப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். ஓரத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள். கடைசியாக ஒரு சந்தோஷச் செய்தி: அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மனுப் போட அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. மதுரையிலிருந்தும் போடலாம், யாழ்ப்பாணத்திலிருந்தும் போடலாம்.