நகரத்தின் வாசலில் – 9: பகலிலும் ஆளிருக்கும் ஊர்

தென்சென்னைப் புறநகரில் மனை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர்? கிரவுண்டு என்ன விலை? எல்லாம் கேட்க வேண்டியவைதான். அவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பேன்: காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிற கூட்டம் கிளம்பிய பிறகு, இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

இந்த வாரம் அந்தக் கேள்வியோடு அனகாபுத்தூருக்குப் போவோம்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தை ஒட்டியிருந்த பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும், பாரிமுனையில் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறவர்களின் ஊர்களாயின. அனகாபுத்தூர் அந்தப் பாதையில் இல்லை. பல்லாவரத்தில் இறங்கி, குன்றத்தூர் சாலையில் பம்மலைத் தாண்டி, நான்கைந்து கிலோமீட்டர் போக வேண்டும். இந்தத் தூரம் ஊருக்கு ஒரு நன்மை செய்தது. நகரம் வந்து சேர்வதற்குள், அனகாபுத்தூருக்கென்று சொந்தமாக ஒரு தொழில் வேர்பிடித்துவிட்டது. அது நெசவு.

‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்று வெளிநாட்டு வணிகர்கள் பெயர் வைத்த கட்டம்போட்ட பருத்தித் துணி இங்கே குழித்தறிகளில் நெய்யப்பட்டது. பெயர்தான் கைக்குட்டை, வாங்கியவர்கள் அதை உடுத்தினார்கள். பெரிய சந்தை மேற்கு ஆப்பிரிக்கா. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்குச் சென்னைக் கட்டத் துணி இல்லாமல் சடங்குகள் நிறைவடையா. பல்லாவரம் ஸ்டேஷனுக்கே எட்டாத ஓர் ஊரின் தறிச்சத்தம், கடல்கடந்த கல்யாண வீடுகளுக்காக எழுந்துகொண்டிருந்தது.

1970களின் இறுதியில் நைஜீரியா தன் ஆலைகளைக் காப்பாற்ற வெளிநாட்டுத் துணிக்குத் தடை போட்டது. ஒரே சந்தையை நம்பியிருந்த தறிகளுக்கு அது பேரிடி. பலர் நெசவை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போனார்கள். எஞ்சியவர்களில் சிலர் புதுவழி தேடினார்கள். குலை வெட்டியபின் வீணாகும் வாழைமரத்தின் பட்டையிலிருந்து நார் உரித்து, காயவைத்து, முடிச்சுப் போட்டு இழையாக்கி, ஊடையாகக் கொடுத்துச் சேலை நெய்தார்கள். பிறகு சணல், கற்றாழை, அன்னாசி, மூங்கில் என்று நார்கள் பெருகின. இருபத்தைந்து வகை இயற்கை நார்களைக் கொண்டு ஒரே சேலையை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம்பிடித்தார்கள். இன்று தறிகள் குறைந்துவிட்டன. ஆனாலும் நார் பிரிப்பது, முடிவது, சாயம் தோய்ப்பது, நெய்வது என்று பெண்களுக்குச் சொந்த ஊரிலேயே ஒரு பிழைப்பு இருக்கிறது.

வேலைக்கு வெளியே போய் வருகிறவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பகலில் ஆளிருக்கும் ஊரில் டீக்கடை நாள் முழுக்கத் திறந்திருக்கும். தையல்காரரும் சைக்கிள் பஞ்சர் போடுகிறவரும் பிழைப்பார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளையை, அம்மா ரயிலில் வந்துகொண்டிருந்தாலும், தெருவில் நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்குத் திண்ணையில் பேச்சுத்துணை கிடைக்கும். இந்த வசதிகளை எந்த மனை விளம்பரத்திலும் பார்க்க முடியாது. விலை கொடுத்து வாங்கவும் முடியாது. நெடுநாள் உழைத்து வாழ்ந்த மக்கள் உருவாக்கி வைத்தவை அவை. புதிதாகக் குடிவருகிறவர் அவற்றை இலவசமாகப் பெறுகிறார்.

இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898இல் ஒரு புத்தகம் எழுதி, தோட்டநகரங்கள் வேண்டும் என்று வாதிட்டார். வீடு, தொழிற்கூடம், விளைநிலம் மூன்றும் ஒரே ஊரில் அமைய வேண்டும். படுத்து எழுந்து போகும் இடமாக ஊர் ஆகிவிடக் கூடாது என்பது அவர் கருத்து. அதன்படி 1903இல் லெட்ச்வொர்த் நகரைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே திட்டம் போட்டு உருவாக்க வேண்டியிருந்ததில் பாதி, ஒரு திட்டமும் இல்லாமலே அனகாபுத்தூரில் இருந்தது. அடையாறு, கரையோர வயல், தறி, எட்டும் தூரத்தில் திருநீர்மலைப் பெருமாள், சேக்கிழார் பிறந்த குன்றத்தூர்.

அந்த அடையாற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆற்றுமணலில் தோண்டிய கிணறுகள் ஒரு காலத்தில் இந்த ஊருக்கும் பம்மலுக்கும் பல்லாவரத்துக்கும் குடிநீர் கொடுத்தன. அதே ஆறு 2015 டிசம்பரில் வீடுகளுக்குள் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் ஊருக்குச் சற்று மேலேதான் அடையாற்றில் கலக்கிறது. அன்று ஏரியிலிருந்து திறக்கப்பட்டது நொடிக்கு 29,000 கன அடி. தாம்பரத்துக்கு மேற்கேயிருந்து ஏரி ஏரியாக நிரம்பி வழிந்த வெள்ளமும் சேர்ந்துகொண்டது. ஆறு இருக்கும் ஊரில் மனை வாங்குகிறவர், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதோடு, எங்கே வரும் என்பதையும் விசாரிக்க வேண்டும். தெருவின் மூத்த குடிகளைக் கேட்டால் எந்தப் படிவரை ஏறியது என்று சொல்லிவிடுவார்கள்.

2025 மே மாதம் அடையாறு சீரமைப்புக்காகக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. பல குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற தொலைவான அடுக்குமாடிகளில் மாற்று வீடு கொடுக்கப்பட்டது. ஆற்றுக்கு அதன் அகலம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன அந்த மக்களும் இந்த ஊரின் பகலைத் தாங்கியவர்கள். வேலை ஓர் இடத்திலும் வீடு வேறிடத்திலும் என்று அவர்களைப் பிரித்தது பெரிய கொடுமை. மாற்று வீடு அதே ஊரின் மேட்டுநிலத்தில் அமைந்திருக்க வேண்டும்.

2001 கணக்கெடுப்பில் சுமார் 32 ஆயிரம் பேர் இருந்த ஊர், 2011இல் 48 ஆயிரத்தைத் தொட்டது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்து, தனி நகராட்சி என்ற அடையாளத்தையும் இழந்தது. இனி வயல் மனையாவதும் தறிக்கூடம் அடுக்குமாடியாவதும் வேகமெடுக்கும். விலை ஏற ஏற, குறைந்த வருமானத்தில் நெய்கிறவர்தான் முதலில் வெளியேறுவார். அவர் போனபின் மிஞ்சுவது, பூட்டிய கதவுகளும் வரிசையாக நிற்கும் தண்ணீர் லாரிகளும்.

இதைத் தடுக்க மாநகராட்சியால் முடியும். நெசவாளர்களுக்குப் பொதுத் தறிக்கூடமும் ஒரு விற்பனைக் கூடமும் ஊருக்குள்ளேயே கட்டிக்கொடுக்கலாம். பல்லாவரம் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்து விடலாம். கரையில் மீட்ட நிலத்தை மறுபடி கட்டடத்துக்குத் தராமல், ஊரார் நடக்கவும் பிள்ளைகள் விளையாடவும் விடலாம். குடிவந்தவர்களின் பங்கும் உண்டு: வீட்டு விசேஷத்துக்கு எடுக்கும் புடவைகளில் ஒன்றை அடுத்த தெருத் தறியில் எடுங்கள். நாம் வேலைக்குப் போயிருக்கும் பத்து மணி நேரமும் நம் வீட்டைச் சுற்றி ஓர் ஊர் இருக்க வேண்டுமென்றால், அந்த ஊரின் பிழைப்பில் நமக்கும் பொறுப்பு இருக்கிறது.

(அடுத்த வாரம்: திருநீர்மலை)