வீட்டோடு ஊர் சுற்றினோம்!

“வாழ்நாளெல்லாம் குழாயடியில் வாளியோடு நின்றவர்கள் நாம். காசு கொடுத்து மறுபடியும் அதே பிழைப்புக்கா போக வேண்டும்?”

என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் வேலை செய்யும் எங்கள் மகன், “அப்பா, வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஐந்து நாள் ஏரி, பள்ளத்தாக்கு என்று சுற்றி வருவோம்” என்று சொன்னபோதுதான் இப்படிக் கேட்டார்.

நான் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். என் வீட்டுக்காரர் 35 ஆண்டுகள் தோட்டத்து லாரி ஓட்டியவர். மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு அங்கே பேச ஆள் இல்லை. செய்ய வேலை இல்லை. சோபாவில் உட்கார்ந்து, ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். “எனக்கு இங்கே என்ன வேலை?” என்று ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது கேட்பார். மகனுக்கு அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பயணத்துக்கு உண்மையான காரணமே அதுதான்.

வீடும் அதுவே, வண்டியும் அதுவே

வீட்டு வண்டி என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? அங்கே அதை ஆர்.வி. என்று சொல்கிறார்கள். எங்கள் வண்டி 25 அடி நீளம். முன்னால் ஓட்டுநர் இருக்கை. பின்னால் படுக்கை, கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, குளிக்க ஒரு மூலை, கழிவறை. மேசையை மடக்கினால் அதுவும் படுக்கையாகிவிடும். பேத்திக்கு வயது 12, பேரனுக்கு 8. இருவரும் ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த பரண் படுக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். லயத்து வீட்டில் ஏழு பேர் படுத்து எழுந்த எனக்கு, ஆறு பேருக்கு அந்த இடம் தாராளமாகத்தான் தெரிந்தது.

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றொன்றில் பாத்திரம் கழுவிய, குளித்த நீர் சேரும். மூன்றாவது கழிவறைக்கு உரியது. பூங்காவில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கம்பம் இருக்கும். அதில் மின்சார இணைப்பு உண்டு. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் உண்டு. இரண்டையும் வண்டியோடு இணைத்துவிட்டால் வீடு தயார். ஆனால் குளிர்சாதனமும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்சாரம் பட்டென்று அறுந்துவிடும். முதல் நாளே அதைத் தெரிந்துகொண்டோம்.

எண்ணெய்க் கோபுரம் நிற்கும் ஏரி

டல்லாசிலிருந்து வடமேற்கே இரண்டரை மணி நேரம் ஓட்டி, லேக் ஆரோஹெட் மாநிலப் பூங்காவை அடைந்தோம். விச்சிட்டா ஃபால்ஸ் நகரின் குடிநீருக்காக 1966-இல் அணை கட்டி உண்டாக்கிய ஏரி இது. அதற்கு முன் அந்த நிலத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஏரி நடுவே எண்ணெய்க் கிணற்றின் இரும்புக் கோபுரங்கள் தண்ணீரில் கால் நனைத்தபடி நிற்கின்றன. மாலை வெயிலில் அவற்றைப் பார்த்தபோது, மூடிப்போன ஈய லம்பங்களும் அவற்றில் தேங்கிய குட்டைகளும் என் நினைவுக்கு வந்தன.

கரையோரப் புல்வெளியில் ‘புல்வெளி நாய்’ என்ற பிராணிகள் வளை தோண்டி ஊர்போலக் கூடி வாழ்கின்றன. பெயர்தான் நாய், உண்மையில் அணில் இனம். ஒன்று காவலுக்கு நிமிர்ந்து நிற்கும். ஆளைக் கண்டால் கீச்சென்று கத்தும். மற்றவை எல்லாம் வளைக்குள் மறைந்துவிடும். பேரன் அவற்றை விட்டு நகர மறுத்தான்.

இரண்டாம் நாள் காலையில்தான் வினை வந்தது. பேத்தி சுகமாக நெடுநேரம் குளித்தாள். திடீரென்று, “பாட்டி! தண்ணீர் மேலே வருகிறது!” என்று ஓர் அலறல். போய்ப் பார்த்தால், சாக்கடை வழியாக அழுக்கு நீர் அவள் காலடிக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வற்றாமல் வருகிறது என்று எல்லாரும் தாராளமாகச் செலவழித்துவிட்டோம். வரும் தண்ணீருக்கு அளவு இல்லை. போகும் தண்ணீருக்கு அளவு உண்டு என்பதை யாரும் நினைக்கவில்லை. கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது!

மருமகள் கையைப் பிசைந்தாள். எனக்கோ சிரிப்பு வந்தது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் பொதுக்குழாயில் குடும்பம் நடத்தியவள் நான். அன்றிலிருந்து தண்ணீர் நிர்வாகம் என் கைக்கு வந்தது. குளிக்க ஆளுக்கு அரை வாளி. பாத்திரங்களை முதலில் காகிதத்தால் துடைத்து, ஒரு பேசினில் சோப்பு நீர், மறு பேசினில் நல்ல நீர். நெத்திலிச் சம்பல் வைத்த சட்டியையும் அப்படித்தான் கழுவினோம். அதன் பிறகு தொட்டி நிறையவே இல்லை.

நிறைந்த தொட்டியைக் காலி செய்யப் பூங்காவிலேயே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். கையுறை மாட்டி, பெரிய குழாயைப் பொருத்தி, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது ஓய்ந்த பிறகு குளித்த நீரைத் திறந்தால், குழாயையும் அதுவே கழுவிவிடும். எங்களுக்கு முன்னால் நின்றவர் நரைத்த வெள்ளைக்காரர். பின்னால் ஓர் இளம் தம்பதி. வரிசையில் நின்று, அவரவர் கழிவை அவரவரே அகற்றினார்கள்.

என் வீட்டுக்காரர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நம் தோட்டத்தில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் இதற்கென்று ஒரு குடும்பத்தையே ஒதுக்கி வைத்திருந்தோம். அவர்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டோம்” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மகன் கையிலிருந்த கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டார். மீதி வேலையை அவரே முடித்தார்.

மிஞ்சிய கன்றுகள்

மூன்றாம் நாள் மேற்கே போனோம். பருத்திக் காடும் வெற்று நிலமும் மாறி மாறி வந்தன. திடீரென்று சமவெளி முடிந்து, அதன் விளிம்பில் செக்கச் செவேலென்ற மண் மலைகள் எழுந்தன. கேப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்கா அது. அதன் சாலையில் முதலில் எங்களை மறித்தது பைசன் என்னும் காட்டெருமை. மலைபோன்ற திமில், தாடி வைத்த முகம். அவற்றை 50 கெஜத்துக்கு மேல் நெருங்கக் கூடாது என்பது விதி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். கூட்டம் சாவகாசமாகக் கடந்தது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருந்த இந்த விலங்கை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு ஆயிரத்துக்கும் குறைவாக்கிவிட்டார்கள். அப்போது இந்தப் பகுதியில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர் சார்ல்ஸ் குட்நைட். தாயை இழந்து அலறிய கன்றுகளின் குரலைக் கேட்டுப் பொறுக்காத அவர் மனைவி மேரி ஆன், சிலவற்றையாவது காப்பாற்றும்படி 1878-இல் கணவரை வேண்டினார். அவரும் சில கன்றுகளைப் பிடித்து வந்தார். அந்தக் கன்றுகளின் வழிவந்த மந்தைதான் 1997-இல் இந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பெண்ணின் இரக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்து எங்கள் வண்டியை மறித்தது!

அன்றிரவு காற்று வண்டியையே ஆட்டியது. வெளியே இழுத்து விட்டிருந்த நிழல் துணியைச் சுருட்டி வைக்கும்படி பக்கத்து வண்டிக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் அது கிழிந்திருக்கும்.

இறக்கத்தில் ஓர் அனுபவசாலி

நான்காம் நாள் பயணத்தின் சிகரம்: பாலோ டூரோ பள்ளத்தாக்கு. பெயருக்கு ஸ்பானிய மொழியில் ‘கெட்டி மரம்’ என்று பொருள். சுமார் 120 மைல் நீளமும், சராசரி 800 அடி ஆழமும் உள்ள பள்ளம். மேலிருந்து பார்த்தால், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அடுக்கடுக்கான மண். அத்தனையையும் அறுத்தது கீழே ஓடும் ஒரு சிறிய ஆறு என்றால் நம்பவா முடிகிறது? பேரன், “இந்த ஆறா?” என்று மூன்று முறை கேட்டான்.

வண்டி நிறுத்தும் இடம் பள்ளத்தின் அடியில் இருக்கிறது. சாலை 10 விழுக்காடு சரிவு என்று பலகை எச்சரித்தது. நூறு அடி போனால் பத்து அடி இறங்கும் சாலை, வளைவுகள் வேறு. மகனின் முகம் வெளிறிவிட்டது. சின்னக் கார் ஓட்டிப் பழகியவன் அவன்.

அதுவரை பேசாமல் வந்த அவன் அப்பா எழுந்து பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

“தம்பி, இறங்குவதற்கு முன்பே கியரைக் குறை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.”

“பிரேக் போதாதா அப்பா?”

“பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறும். சூடேறினால் பிடிக்காது. தேவையானபோது அழுத்தி வேகத்தைக் குறை, பிறகு விட்டுவிடு. பின்னால் வருகிறவனைப் பற்றிக் கவலைப்படாதே. அவனுக்கு அவசரமென்றால் அவன் காத்திருக்கட்டும்.”

மழை நாளில், பால் ஏற்றிய தாங்கியோடு செம்மண் இறக்கத்தில் இறங்கியவரின் குரல் அது. கீழே வந்து சேர்ந்ததும் மகன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “அப்பா, நீங்கள் இல்லாவிட்டால் நான் மேலேயே திரும்பியிருப்பேன்” என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு, ஒரு மாதத்துக்குப் பிறகு, இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டார். “எனக்கு இங்கே என்ன வேலை?” என்ற கேள்வியை அதன் பிறகு நான் கேட்கவில்லை.

மாதம் 30 டாலர்

மறுநாள் காலை பசியாறிவிட்டு, பள்ளத்தின் விளிம்பில் உள்ள பார்வையாளர் நிலையத்துக்குப் போனோம். உள்ளூர்க் கல்லால் கட்டிய அழகான பழைய கட்டடம். யார் கட்டியது என்று விசாரித்தபோதுதான் அந்த வரலாறு தெரிந்தது.

1930-களில் அமெரிக்காவில் பெரும் வேலையில்லாத் திண்டாட்டம். அதிபர் ரூஸ்வெல்ட் 1933-இல் இளைஞர் படை ஒன்றை அமைத்தார். சாலை போட, மரம் நட, பூங்கா அமைக்க ஏழை வீட்டுப் பிள்ளைகளை முகாம்களில் தங்கவைத்தார்கள். உணவு, உடை, மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலரை நேராக வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது 5 டாலர். 1942 வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் பிரித்து வைத்தது அதன் களங்கம்.

நாங்கள் இறங்கிய சாலையும், இந்தக் கட்டடமும், விளிம்பில் உள்ள கல் வீடுகளும் அவர்கள் கைவேலை. பூங்கா 1934 ஜூலை 4-இல் திறக்கப்பட்டது. அந்தப் படையின் பெயரால் இன்றும் அங்கே ஒரு நடைபாதை இருக்கிறது.

அதே பள்ளத்துக்கு வேறொரு கதையும் உண்டு. 1874 செப்டம்பரில் இங்கே குடியிருந்த கொமாஞ்சி, கயோவா, செயென் மக்களை இராணுவம் தாக்கியது. உயிர்ச்சேதம் குறைவு. ஆனால் அவர்கள் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த உணவையும் கூடாரங்களையும் கொளுத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். உணவும் குதிரையும் போனபின் அந்த மக்கள் என்ன செய்வார்கள்? ஒதுக்கப்பட்ட நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருந்த இடத்தைவிட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தின் சுவரில் கை வைத்தபடி நின்றார்.

“நம் தோட்டத்து ரோட்டை என் அப்பாவும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் மண்வெட்டியால் வெட்டினார்கள். தோட்டம் போய்விட்டது, வீடமைப்பு வந்துவிட்டது. ரோடு இன்னும் இருக்கிறது. அதை வெட்டியவர்கள் பெயர் எவருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியுமா தாத்தா?” என்று கேட்டாள் பேத்தி.

அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பேத்தி தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பதினொரு பெயர்கள் நினைவுக்கு வந்தன. மற்றவை வரவில்லை. ஊர் திரும்பியதும் அவருடைய பழைய கூட்டாளிகளைத் தேடிப் போய்க் கேட்டோம்; மேலும் இரண்டு பெயர்கள் கிடைத்தன.

வாசகர்களே, வீட்டு வண்டியில் ஏறி அமெரிக்கப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் அமையாது. எங்களுக்கும் மகனால்தான் அமைந்தது. ஆனால் அங்கே நாங்கள் தொடங்கிய வேலையைச் செய்ய விமானச் சீட்டு வேண்டாம். உங்கள் தோட்டத்துச் சாலையை வெட்டியது யார், கோயிலுக்குக் கல் சுமந்தது யார், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது யார் என்று வீட்டிலுள்ள பெரியவர்களை இந்த வாரமே கேளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் நோட்டில் பதின்மூன்று பெயர்கள் இருக்கின்றன. இன்னும் நான்கு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.