இருபது ஆண்டுகளுக்குப் பின்

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுராவும், கிழக்குக் கரையில் கொல்கத்தாவும் அமைந்துள்ளன. 1970களில் கொல்கத்தாவின் பார்க் தெரு உணவகங்களில் கிதார் இசைக்குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களையே பாடின. கிதார் இசைக்கு ஏற்ற மொழி ஆங்கிலமே எனப் பலரும் எண்ணினர். அக்காலத்தில், கௌதம் சட்டோபாத்யாயும் அவருடைய உறவினர்களும் நண்பர்களுமாக எழுவர் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். 'மொஹினேர் கோராகுலி' என்பது அதன் பெயர். 'மொஹீனின் குதிரைகள்' என்பது பொருள். வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாசின் கவிதையிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது.

இக்குழுவினர் மேற்கத்திய ராக் இசையுடன் வங்கத்தின் பாவுல் நாட்டுப்புற இசையை இணைத்தனர். நகர வாழ்வைத் தம் தாய்மொழியில் பாடினர். 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஆனால், அப்புதுமையை விரும்பிக் கேட்டோர் சிலரே. 1981இல் குழு கலைந்தது.

மூன்றாம் இசைத்தட்டு வெளிவந்து பதினாறு ஆண்டுகள் கடந்தன. 1995இல் கௌதம் புதிய பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 'மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்பது அதன் தலைப்பின் பொருள். அவர் அதில் தாமே பாடிப் புகழ்பெற நினைக்கவில்லை, இளங்கலைஞர்களுக்கும் இடமளித்தார். முன்பு செவிகொடுக்காத நகரம் இப்போது விரும்பிக் கேட்டது.

1999இல் கௌதம் மறைந்தார். அத்தொகுப்பிலுள்ள பாடல் ஒன்றின் மெட்டு, 2006இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்தித் திரைப்படத்தின் வழியாக நாடெங்கும் ஒலித்தது. அம்மெட்டு முதலில் பிறந்த மொழி வங்கமே.